ஐந்து மணிக்கே இருட்டும் தீவு

பாராடாங் தீவின் நிலம்பூர் படகுத்துறையில் மாலை என்பது மூன்றரை மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் நவம்பர் மூன்றாவது வாரமென்றால், நாலு மணிக்கு டுங்கிகள் கிளம்பியாக வேண்டும். மோட்டார் பொருத்திய சிறு படகுக்கு அந்தமானில் வழங்கும் பெயர் அது. போகுமிடம் கிளித்தீவு. கையளவு நிலம், சுற்றிலும் சதுப்புநிலக் காடு. பகலெல்லாம் எங்கெங்கோ இரை தேடிய பச்சைக்கிளிகள் பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக இங்கு வந்து அடைகின்றன. அதைப் பார்க்கத்தான் பயணிகள் போகிறார்கள். நாலு ஐம்பதுக்குச் சூரியன் விழுந்துவிடுகிறது. ஐந்தே காலுக்குப் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிவதில்லை. கரை சேர டார்ச் விளக்கு வேண்டும்.

அதே நிமிடத்தில் சென்னை மெரினாவில் குழந்தைகள் வெயிலில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே சூரியன் மறைய இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கைக்கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது. அட்சரேகையிலும் பெரிய வித்தியாசமில்லை. சென்னை 13 டிகிரி வடக்கு, பாராடாங் 12 டிகிரி வடக்கு. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து வங்காள விரிகுடாவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய இரண்டும் ஒரே கோட்டில் வரும்.

மெயின்லேண்டிலிருந்து முதல்முறை வருகிறவர்களுக்கு இது குளிர்காலத்தின் வேலை என்றுதான் தோன்றும். குளிர்காலத்தில் பகல் குறைகிறது, தூரதேசத் தீவில் ரொம்பவே குறைகிறது போலும் என்று எண்ணிக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. பாராடாங்கின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில் வருகிறது. அதன் நீளம் 11 மணி 25 நிமிடம். ஜூன் 21-ஐ ஒட்டி வரும் மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடம். ஆண்டு முழுவதும் பருவங்கள் இந்தத் தீவின் பகலில் செய்யும் மாற்றம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் 'அகசு' என்று ஒரு பத்தி உண்டு. அன்றைய பகலின் நீளத்தை நாழிகையில் சொல்வது அது. ஒரு நாழிகை 24 நிமிடம். பாராடாங்குக்கென்று பஞ்சாங்கம் போட்டால் இருபத்தெட்டரை நாழிகையிலிருந்து முப்பத்திரண்டு நாழிகை வரை அகசு வளர்ந்து தேயும். அவ்வளவுதான். சென்னைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இந்த விஷயத்தில் வெப்பமண்டலம் நிதானமான பிரதேசம். கன்னியாகுமரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. டில்லியில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். வடக்கே போகப் போக இது பெருகிக்கொண்டே போகும். காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சாய்ந்து சுற்றும் பம்பரம் போல பூமி 23.4 டிகிரி சாய்ந்தபடி சுழல்கிறது. சாய்வின் திசை மாறாமலே சூரியனையும் சுற்றி வருகிறது. ஜூனில் வடதுருவம் சூரியனை நோக்கித் தலை நீட்டுகிறது, டிசம்பரில் விலகிக்கொள்கிறது. பம்பரத்தின் நடுவயிற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சாய்வு பெரிதாக உறைக்காது. அதன் தலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே வாழ்க்கை.

தலையில் உட்கார்ந்திருப்பவர்களில் இந்தியர்களும் உண்டு. வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நி-ஆலசுண்டில், 2008 ஜூலை முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. அட்சரேகை ஏறத்தாழ 79 டிகிரி. அங்கே அக்டோபர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி மத்தியில்தான் மறுபடி தலை காட்டும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நண்பகலிலும் நல்ல இருட்டு. ஏப்ரல் பிற்பாதியில் நிலைமை தலைகீழாகிறது. அப்போது ஏறிய சூரியன் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மறைவதில்லை, வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பல ஆண்டுகள் கோடையில் மட்டுமே நம் விஞ்ஞானிகள் அங்கே போய் வந்தார்கள். முழு இருட்டில் வேலை செய்ய இந்தியாவின் முதல் குளிர்கால ஆய்வுக்குழு 2023 டிசம்பரில்தான் புறப்பட்டது. பூமியின் எதிர்முனையில், அண்டார்டிகாவின் 'மைத்ரி' நிலையத்தில், மாதங்கள் இடம் மாறியிருக்கும். மே பிற்பாதி முதல் ஜூலை பிற்பாதி வரை இரண்டு மாதம் சூரியன் இல்லை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை இரவு இல்லை.

விஞ்ஞானிகளாவது பருவம் முடிந்தால் ஊர் திரும்பலாம். அங்கேயே குடியிருக்கும் தமிழர்களின் கதை வேறு. எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கடற்கரையின் மீன்பிடி ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். மீன் பதனிடும் ஆலைகளில் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணம் பத்து டிகிரிக்குப் பக்கம். போய்ச் சேர்ந்த இடம் எழுபது டிகிரிக்கு மேல். அங்கே நவம்பர் கடைசி வாரத்தில் போகும் சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்புகிறது. தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. சூரியனுக்கென்றே உள்ள பண்டிகையன்று, அந்தக் கரையில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழேயே இருக்கிறது. நண்பகலில் தெற்கே கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். புதுப்பானையை எந்தத் திசை பார்த்து வைத்தாலும் ஒன்றே. அதே பொங்கலன்று பாராடாங்கில் சூரியன் ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. இந்தத் தீவுக்கு அது ஆண்டிலேயே தாமதமான உதயங்களில் ஒன்று.

ஒரு விசித்திரமும் இருக்கிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஃபின்மார்க்குக்கும் பாராடாங்குக்கும் பகல் மணிக்கணக்கு கிட்டத்தட்ட சமம். பூமியில் எங்கே இருந்தாலும் ஆண்டில் ஏறக்குறைய பாதி நேரம் சூரியன் மேலே இருக்கும். இன்னும் சொல்லப் போனால், காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் காட்டுவதால் துருவப் பிரதேசங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. தாழ்வாகச் சாய்ந்து விழும் அந்த வெளிச்சத்தில் சூடு கிடையாது என்பது வேறு விஷயம். பாராடாங்குக்குத் தினசரி சம்பளம். துருவத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் சில பெங்குவின்கள்கூடக் குளிர்காலத்தில் வடக்கே வெளிச்சம் உள்ள பனிவிளிம்புக்கு நகர்ந்துவிடுகின்றன. ஸ்வால்பார்டின் கலைமான்கள் எங்கும் போவதில்லை. முழுப்பகல் மாதங்களிலும் முழு இரவு மாதங்களிலும் அவை நாள் என்ற கணக்கையே விட்டுவிட்டு, பசித்தால் மேய்கின்றன, அலுத்தால் படுக்கின்றன என்று 2005-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அந்தமானில் அஸ்தமனம் என்பது ஒரு காரியமாக நடப்பதில்லை, சட்டென்று நடந்து முடிந்துவிடுகிறது. இந்த அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் மறைந்த இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் அந்தி முடிந்துவிடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 என்றாலும், சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் அதுவல்ல. நவம்பர் மூன்றாவது வாரத்தில் 4.51-க்கு மறைகிறது. டிசம்பர் 21-ல் ஐந்து மணி. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரியனின் நண்பகல் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் முந்துகிறது, பிப்ரவரியில் பிந்துகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகலின் நீளம் அதிகம் மாறாததால் இந்த முந்தலும் பிந்தலும் பளிச்சென்று தெரிகின்றன. படகோட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, விளைவு தெரியும். கிளித்தீவுக்கு ஆண்டிலேயே மிகச் சீக்கிரம் புறப்பட வேண்டிய மாதம் எது என்றால் நவம்பர்தான்.

ஆக, பருவம் பாராடாங்கின் பகலைப் பெரிதாகத் தொடுவதில்லை. அப்படியானால் மாலையைத் திருடுவது யார்?

கடிகாரம். இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பாராடாங் இருப்பதோ ஏறத்தாழ 92.8 டிகிரியில். பூமி ஒரு டிகிரி சுழல நாலு நிமிடம் ஆகும். பத்து டிகிரிக்கு மேல் என்றால் 41 நிமிடம். சூரியன் உச்சிக்கு வரும்போது பாராடாங் கடிகாரம் சராசரியாக 11 மணி 19 நிமிடம் காட்டுகிறது. இங்கே ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் 5.45-ஐத் தாண்டி உதிப்பதில்லை, 5.48-ஐத் தாண்டி மறைவதுமில்லை. ஜூன் முதல் வாரத்தில் 4.53-க்கே உதயம். நாலரைக்கே வெளிச்சம் பரவிவிடும். குஜராத்தின் கட்ச் மேற்குக் கோடியில் அதே வெளிச்சம் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கும் இதே கடிகாரம்தான்.

இது இயற்கை வகுத்த ஏற்பாடாக இருந்ததே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் மதராஸ் வானாய்வகத்தில் இருந்தபடி கணக்கிட்ட மதராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. பின்னாளில் இந்திய ரயில்வேக்களே மதராஸ் நேரத்தில் ஓடின. கல்கத்தாவுக்குத் தனி நேரம், பம்பாய்க்குத் தனி நேரம். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்ற ஒன்று வந்தது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதுமே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அந்த மாற்றத்தால் அதிகம் பலன் பெற்றிருக்கக்கூடிய அந்தமான் அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது.

வடக்கு அந்தமானுக்கு மேலே, ஒரு கால்வாயைத் தாண்டினால் மியான்மருக்குச் சொந்தமான கோக்கோ தீவுகள். தீர்க்கரேகை ஏறக்குறைய இதேதான். மியான்மர் நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். இங்கே ஐந்து மணிக்கு மறையும் அதே சூரியன் அங்கே ஆறு மணிக்கு மறைகிறது. மீனுக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியாது. மனிதர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அலுவலகமும் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன.

அந்தமான் மக்கள் தங்களுக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டிருக்கிறார்கள். மெயின்லேண்டைவிடச் சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் கடை திறந்து, சீக்கிரம் படுக்கிறார்கள். பாராடாங்கில் வனத்துறை வேலைக்காகச் சோட்டாநாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட 'ராஞ்சி'க்காரர்களின் வழிவந்தவர்கள் கணிசம். வங்காளிகள், தமிழர்கள், மலையாளிகள், தெலுங்கர்களும் உண்டு. மலபாரின் நிலம்பூர் இங்கே படகுத்துறையின் பெயராக நிற்கிறது. தோட்ட வேலை, மீன் வேலை செய்பவர்களுக்குக் கடிகாரம் ஒரு பொருட்டில்லை. சிக்கல் மற்றவர்களுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழந்தை விளையாட வெளிச்சம் இல்லை. பாடம் படிக்க விளக்கு வேண்டும். ஐந்து மணிக்கு ஏற்றிய விளக்கு ஒன்பது, பத்து வரை எரிகிறது. தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, டீசல் கப்பலில் வருகிறது. காலை ஐந்து மணி வெயிலோ, யாருக்கும் உபயோகமில்லாமல் மூடிய கதவுகள் மேல் விழுகிறது.

தமிழர் வீடுகளில் இன்னொரு வேடிக்கை. சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் இங்கேயும் சுவரில் தொங்குகிறது. திங்கள்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்கிறது. அந்தக் கணக்கு ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்டது. ஐந்து மணிக்கு உதிக்கும் ஊரில் ராகு ஆறரைக்கே வந்து எட்டு மணிக்கெல்லாம் போயிருப்பார். சிவகாசிக்கு அது எப்படித் தெரியும்?

இதெல்லாம் அந்தமான் முழுவதற்கும் பொது. பாராடாங்குக்கு மட்டும் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. அது ஒரு கேட்.

தலைநகரான ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட்பிளேர்) பாராடாங் சுமார் 100 கி.மீ. வழியில் ஜிர்காடாங் செக்போஸ்ட். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் ஜலசந்தி வரை அந்தமான் ட்ரங்க் ரோடு, ஜாரவா பழங்குடிகளின் ரிசர்வ் காட்டுக்குள் போகிறது. தனி வண்டிகள் இஷ்டத்துக்குப் போக முடியாது. போலீஸ் முன்னும் பின்னும் வர, எல்லா வண்டிகளும் ஒரே வரிசையாகக் கான்வாயில் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. நிர்வாக உத்தரவுப்படி நேரங்கள் அவ்வப்போது மாறும். ஆனால் பல ஆண்டுகளாக உள்ள பொது வழக்கம், நாளைக்கு நாலு முறை. முதலாவது காலை ஆறு மணிக்கு, கடைசி பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. பிறகு மறுநாள் காலை வரை சாலை மூடிக் கிடக்கும். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனால் அக்கரை பாராடாங்.

இதனால் பாராடாங்கில் மணியை விசாரித்தால் கான்வாய் கணக்கில்தான் பதில் வருகிறது. வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் 'ஆறு மணி கான்வாய்', 'கடைசி கான்வாய்' என்று பேசப்படுகின்றன. தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப நினைப்பவர் மூன்று மணிக்குள் ஜிர்காடாங்கில் நின்றாக வேண்டும். சுற்றுலாப் பயணிகள் இருட்டிலேயே கிளம்பி வந்து முதல் கான்வாயைப் பிடித்து, டுங்கியில் சதுப்புநிலக் கால்வாய் வழியே நயாடேரா சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்து, மண் எரிமலையை ஒரு நடை எட்டிப் பார்த்து, மூன்று மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். கிளித்தீவின் கிளிகள் கூடு திரும்பும்போது அவர்கள் காட்டுச் சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். கிளிகளைப் பார்க்க வேண்டுமானால் தீவிலேயே ஓர் இரவு தங்க வேண்டும்.

சாலைக்கென்று தனியாக ஒரு பகல் இருக்கிறது என்று சொல்லலாம். ஒன்பது மணி நேரப் பகல். ஜூனிலும் டிசம்பரிலும் அது மாறுவதில்லை. ஜூனில் உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரமும், கடைசி கான்வாய் நுழைந்த பின் ஏறக்குறைய மூன்று மணி நேரமும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அவசரத்தில் இருக்கும் பாராடாங்வாசிக்கு அது வீணாகும் வெளிச்சம்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. 1,028 சதுர கி.மீ. ரிசர்வில் வாழும் ஜாரவாக்கள் 2001 கணக்கெடுப்பில் 240 பேர், 2011-ல் 380 பேர். பன்றி வேட்டை, மீன், தேன், கிழங்கு. 1997 கடைசி வரை அவர்கள் அம்போடுதான் வெளியாரை எதிர்கொண்டார்கள். பிறகு காட்டை விட்டு வெளியே வந்தார்கள், 1999-ல் தட்டம்மையும் வந்தது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ வெளிவந்து நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் சுற்றுலா வண்டிகள் நின்றன, மார்ச்சில் மறுபடி ஓட ஆரம்பித்தன. இத்தனைக்கும் பிறகு காட்டுக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்புகளில் ஒன்று, அந்த மூன்று மணிக் கேட்.

கடிகாரத்தை மாற்றுவது பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. பேச்சு புதிதல்ல. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் நேரம்' வைத்திருக்கின்றன. பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நாடு முழுவதற்கும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினால் ஆண்டுக்குச் சுமார் 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்றார்கள். 2001-ல் மத்திய அரசு அமைத்த குழு எதையும் மாற்ற வேண்டாம் என்றது. 2018-ல், நாட்டின் நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமே இரண்டு நேர மண்டலங்கள் சாத்தியம் என்று எழுதியது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிகோபாருக்கும் ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம். அரசு இதுவரை ஏற்கவில்லை. ரயில் விபத்து பயம், ஒரே நாடு இரண்டு நேரமா என்ற சங்கடம். அந்தமானில் ரயிலே கிடையாது என்பதை யாராவது ஞாபகப்படுத்தலாம்.

மாற்றம் வந்தால் பாராடாங்குக்கு லாபம்தான். நவம்பரிலும் 5.51 வரை சூரியன். ஜூலையில் 6.48 வரை. குழந்தைகள் விளையாடலாம், விளக்கு ஒரு மணி நேரம் தாமதமாக ஏறும். என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் சாலையை யோசிக்க வேண்டும். புதுக் கடிகாரத்தில் ஜனவரி உதயம் 6.45. கான்வாய் பழையபடி ஆறு மணிக்கே புறப்பட்டால் அது கும்மிருட்டில், ஹெட்லைட் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நுழையும். ஏழுக்கு மாற்றினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மாலையில்தான் வம்பு. ஆறரை வரை வெளிச்சம் இருக்கிறதே, நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இன்னொரு கான்வாய் விட்டால் என்ன என்று டூர் ஏஜென்சிகள் கேட்கும். பாராடாங் கடைக்காரர்களும் கேட்பார்கள், நியாயமாகவே. கடிகாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் சூரியன் கொடுத்ததில்லை. கான்வாயை நீட்டினால் அது ஜாரவாக்களின் மாலையிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். எந்தக் கடிகாரம் வந்தாலும் கேட் மூடும் நேரம் சூரியனோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் போதும். கணக்கு கடினமில்லை, பஞ்சாங்கக்காரர்கள் எப்போதும் செய்வதுதான்.

இப்போதைக்கு ஜூன் மாதத்தில் ஜிர்காடாங்கில் நாலு மணிக்கே வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. நாலரைக்குக் கிழக்கு வெளுக்கிறது. ஐந்துக்குள் சூரியன் வந்துவிடுகிறது. டிரைவர்கள் பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டபடி ஆறு மணிக்காகக் காத்திருக்கிறார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை நல்ல வெயிலில் காலியாகக் கிடக்கிறது.